கல்லில் எழுத்துத் தேடி அலைந்த ஒரு வருஷம்: கூட நின்றவர்களுக்கு என் நன்றி

எல்லாருக்கும் வணக்கம்.

2025 முடியப்போகிறது. இந்த வருஷம் முழுக்க மதுரையைச் சுற்றியும் அதைத் தாண்டியும் மலை மலையாக ஏறி, பழைய கல்வெட்டுகளையும் சமணர் படுகைகளையும் (சமணத் துறவிகள் தங்கிப் படுக்கக் குகையில் வெட்டிய கல் படுக்கைகள்) பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு உதவியவர்களில் பாதிப் பேரிடம் போன் நம்பர்கூட வாங்கி வைக்கவில்லை, இனி அவர்களைத் தேடிப் பிடித்து ஒவ்வொருவராகச் சொல்ல வழியும் இல்லை, அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். உங்களில் யாருக்காவது அவர்களைத் தெரிந்திருந்தால் தயவுசெய்து படித்துக் காட்டுங்கள். பெயர்கள் போடவில்லை. கேட்டுப் பார்த்த ஒன்றிரண்டு பேரும் "பேரெல்லாம் எதுக்கும்மா" என்றுவிட்டார்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள் நான். மகன் வேலை கிடைத்துக் கோவைக்குப் போன பிறகு வேலையை விட்டேன். அதுவரை வெளியூர்ப் பயணம் என்றால் குலதெய்வம் கோயில், கல்யாண வீடு, துக்க வீடு, அவ்வளவுதான். அதற்கும் துணைக்கு ஆள் வேண்டும். ஆனைமலையைத் தினமும் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன், அதன் மேல் தமிழி, அதாவது அந்தக் காலத்தில் தமிழை எழுதிய பிராமி எழுத்து இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முதல் நன்றி நத்தம் ரோட்டில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் வேலை பார்க்கும் அந்தத் தங்கைக்கு. 2023இல் திறந்தபோதே போக ஆசை, உள்ளே நுழையத்தான் கூச்சம். இந்த வருஷம் போய், "பழைய எழுத்தைப் படிக்க எதைப் பார்க்கணும்மா" என்று கேட்டேன். "எதுக்கு மேடம்?" என்று அந்தப் பெண் கேட்கவில்லை. அட்டவணை போட்ட புத்தகம் ஒன்றை எடுத்து வந்து, பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளும் கொடுத்துவிட்டுப் போனது. கூட்டல் குறி போட்டால் க, நேராக ஒரு கோடு இழுத்தால் ர. அன்றைக்குச் சாயங்காலம் வரை எழுதி எழுதிப் பார்த்தேன். வடக்கே கிடைக்கிற பிராமி எழுத்தில் ழ, ற, ன எல்லாம் கிடையாது, தமிழுக்கென்றே சேர்த்துக்கொண்டார்கள் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். தெரிந்த நாளிலிருந்து ழ-வை மலையில் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

அப்புறம் டவுன் பஸ் கண்டக்டர்களுக்கு. பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகுதான் என்னைப் போன்றவர்களால் வீட்டுச் செலவில் கை வைக்காமல் ஊர் சுற்ற முடிந்தது, இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். அதற்கு மேல் அவர்கள் செய்தது ஒன்று உண்டு. மாங்குளம் பக்கம் போன பஸ்ஸில் நான் எங்கே போகிறேன் என்று கேட்ட கண்டக்டர், இறங்கும் இடம் வந்ததும் பெயர் சொல்லாத குறையாகக் கூப்பிட்டு இறக்கிவிட்டு, "திரும்பி வர்ற வண்டி அஞ்சே காலுக்கு. அதை விட்றாதீங்க, அடுத்தது எப்ப வரும்னு எனக்கே தெரியாது" என்றார். அந்த ஒரு வரிதான் அன்று முழுக்க எனக்குத் தைரியம்.

மாங்குளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மீனாட்சிபுரத்தை ஒட்டிய மலை அது. 1882இல் ராபர்ட் சீவெல் என்ற அதிகாரி அங்கே இருக்கும் எழுத்துகளை முதலில் கவனித்தார். அது தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக் காட்டும் வரை யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் அந்தக் கல்லில் இருக்கிறது. கணி நந்தாசிரியன் என்ற துறவிக்கு, நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி கொடுத்த பள்ளி, அதாவது துறவி தங்கும் இடம், என்று சொல்கிற கல்வெட்டு. 2000 வருஷத்துக்கும் முந்தையது.

மலையடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அண்ணன்தான் என்னை மேலே கூட்டிப்போனார். ஆடுகளை இன்னொருவரிடம் விட்டுவிட்டு வந்தார், அதற்குக் காசு கொடுத்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். குகை நெற்றியில் மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்கக் காடி வெட்டியிருப்பதையும், கல் படுக்கையில் தலை வைக்கும் பக்கம் கொஞ்சம் உயர்த்தி விட்டிருப்பதையும் காட்டியவர் அவர். உச்சி வெயிலில் கல் வெளுத்துக் கிடந்தது, எனக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. "கொஞ்சம் இருங்க, வெயில் சாஞ்சு அடிச்சா வரி எந்திரிக்கும்" என்றார். உட்கார்ந்திருந்தோம். அவர் சொன்னபடியே நிழல் விழுந்து எழுத்து ஒவ்வொன்றாக மேலே வந்தது, ழ-வும் வந்தது. நெடுஞ்செழியன் பெயர் அவருக்கு ஏற்கெனவே தெரியும், வந்து போனவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கோடு எந்த எழுத்து என்பதுதான் தெரியாதாம். நான் விரலைக் கல்லில் படாமல் நீட்டிக் காட்டக் காட்ட, அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். என் வாழ்க்கையில் நான் ஒருவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை.

மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டிப் பெண்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. 2022இல் அந்தப் பகுதியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். பிறகு அதே வட்டாரத்தை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். இந்த ஜனவரியில் மேலூர்ப் பக்கத்துச் சனம் மொத்தமும் மதுரைக்கு நடந்து வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும், அந்த மாதமே ஏலம் ரத்தானது. நான் போனது அதற்கப்புறம். குடைவரைக் கோயிலில் இருக்கும் லகுலீசர் (சிவனின் ஒரு வடிவம்) சிலையைப் பார்த்துவிட்டு மலையைச் சுற்றி வந்தபோது, வேலை முடிந்து உட்கார்ந்திருந்த பெண்கள் தூக்குவாளியில் இருந்த கம்பங்கூழை ஊற்றிக் கொடுத்தார்கள். "எங்க மலையப் பாக்கத்தானே வந்தீக, பசியோட போகக் கூடாது" என்றார் ஒரு அப்பத்தா. நடந்து வந்த கதையையும் சொன்னார், கால் வீக்கத்தோடு நடந்தாராம். நீங்கள் நடக்கவில்லை என்றால் நான் வந்து பார்க்க அங்கே என்ன மிச்சம் இருந்திருக்கும், அப்பத்தா? மலையை அரசாங்கத் துறைக்காரர்கள் மட்டும் காப்பாற்றிவிட முடியாது என்பதை நான் அங்கே கண்ணால் பார்த்தேன். கிரானைட்டுக்காக அறுத்துப்போட்ட மலைகளும் அதே மேலூர் வட்டாரத்தில்தானே நிற்கின்றன.

மதுரையை விட்டு வெளியே போகத் தைரியம் வந்தது மழைக்கு முன்னால். கரூருக்குப் பக்கத்தில் புகழூர் ஆறுநாட்டார் மலை, மேலே முருகன் கோயில், வழியில் சமணப் படுகை. சேர அரசர் மூன்று தலைமுறையும் ஒரே கல்வெட்டில் வரிசையாக வருகிறார்கள்: ஆதன் செல்லிரும்பொறை, மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ. அங்கேயே கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவன் கொடுத்த இருக்கையும் இருக்கிறது. நம்ம அழகர்மலையில் உப்பு வணிகன், கொழு (ஏர்முனை இரும்பு) வணிகன் பெயர்கள். ராஜாக்களைவிட இவர்கள்மேல் எனக்குப் பிரியம் அதிகம். கடை வைத்துப் பிழைத்தவர்கள் யாரோ ஒரு துறவிக்குப் படுக்க இடம் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள், இன்னார் கொடுத்தார் என்று கல்லும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கழுகுமலையில் காவலுக்கு இருந்த ஐயாவுக்கு ஒரு தனி நன்றி. பாறையைக் குடைந்து செய்த வெட்டுவான் கோயிலைப் பார்த்துவிட்டு இறங்க இருந்தவளை, "இந்தப் பக்கமும் பாத்துட்டுப் போங்கம்மா" என்று தீர்த்தங்கரர் (சமணர் வணங்கும் பெரியவர்கள்) சிற்பங்கள் பக்கம் திருப்பிவிட்டார். அங்கே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் குரத்தியார் பெயர்கள் இருக்கின்றன. குரத்தியார் என்றால் பெண் ஆசிரியர்கள், அவர்களுக்கு மாணாக்கர் இருந்திருக்கிறார்கள். 1000 வருஷத்துக்கு முன்னால் பாடம் சொன்ன பெண்கள்! வெகுநேரம் அங்கேயே நின்றேன், அவர் அவசரப்படுத்தவே இல்லை.

செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில் இறங்கும்போது கால் பிசகிவிட்டது. 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரிகர் கல்வெட்டைப் பார்த்த பரவசம் அடங்குவதற்குள் வலி. கீழே நிலக்கடலைக் காட்டில் இருந்த அக்காமார் ஓடிவந்து, துண்டைக் கிழித்துக் கட்டி, வரப்பு வரை தாங்கிக் கூட்டிவந்து ஒரு தம்பியின் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அந்தத் தம்பி மருந்துக்கடை, பஸ் ஸ்டாண்ட் எல்லாம் அலைந்து, சீட்டு பிடித்துக் கொடுத்த பிறகுதான் போனார். தம்பி, கால் நன்றாகிவிட்டது.

வந்தவாசிப் பக்கத்து நயினார் (தமிழ்ச் சமணர்) வீட்டாருக்கும் சொல்ல வேண்டும். சமணர் என்றால் கழுவேற்றக் கதையில் வருகிறவர்கள், எப்போதோ இல்லாமல் போனவர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தமிழ் பேசி, நெல் விளைவித்து, அந்தப் பக்கம் ஊர் ஊராக வாழ்கிறார்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள் என்பதால், வந்தவள் பட்டினி கிடக்கக் கூடாதென்று அந்த அம்மா அவசர அவசரமாக அடுப்பைப் பற்றவைத்து, வெளிச்சம் இருக்கும்போதே சோறு போட்டார். மறுநாள் திருமலைக்கு (திருப்பதி இல்லை, அந்தப் பக்கத்துச் சமணர் மலை) தன் மருமகளைத் துணைக்கு அனுப்பினார். அங்கே நேமிநாதர் என்ற தீர்த்தங்கரர் நிற்கும் உயரம் சுமார் 16 மீட்டர், குந்தவையின் பெயரில் ஒரு ஜினாலயமும் (சமணக் கோயில்) உண்டு. ஆனால் எனக்கு அந்த அம்மா போட்ட சோறுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

இப்போது இல்லாதவர்களுக்கும் என் வணக்கம். மயிலை சீனி. வேங்கடசாமி, ஐராவதம் மகாதேவன் போன்ற ஆராய்ச்சியாளர்கள் எழுதி வைக்கவில்லை என்றால் எனக்கு அது வெறும் பாறைதான். மாதாமாதம் மலைகளுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் பசுமை நடை நண்பர்களுக்கும் நன்றி.

வீட்டுக்காரருக்கு. ஆரம்பத்தில் மணிக்கு ஒரு தடவை போன் போட்டார், புரட்டாசிக்குப் பிறகு தண்ணீர் பாட்டிலை அவரே நிரப்பி வைக்கிறார். முன்பெல்லாம் வழி கேட்கவே நாக்கு எழாது எனக்கு. இன்றைக்குத் தெரியாத ஊரில் இறங்கி, டீக்கடையில் உட்கார்ந்து, "இங்க படுகை எந்தப் பக்கம்ணே" என்று கேட்டுவிடுகிறேன். இந்த மனுஷர்கள் கொடுத்த பழக்கம் அது.

மாங்குளத்து அண்ணனுக்கு: நீங்கள் கல்வெட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் படத்தை அச்சுப் போட்டு வைத்திருக்கிறேன், மாட்டுப்பொங்கல் முடிந்ததும் கொண்டுவருகிறேன். அதே வாரம் கொங்கர்புளியங்குளமும் போகிறேன். துணையில்லை என்று தயங்குகிற பெண்கள் யாரும் என்னோடு வரலாம், நல்ல செருப்பும் தண்ணீரும் கொண்டுவாருங்கள். எழுத்தின் மேல் தண்ணீர் ஊற்றுவதும் சாக்பீஸ் தேய்ப்பதும் மட்டும் கூடாது, வெயில் சாயும் வரை சேர்ந்து காத்திருப்போம்.

அன்புடன்,
மதுரையிலிருந்து