மருந்துச் சீட்டில் பெயர் இல்லாதவர்களுக்கு

அன்புடையீர்,

மருத்துவருக்கு நன்றி சொல்ல யாரும் மறப்பதில்லை. சீட்டின் தலைப்பிலேயே அவர் பெயர் இருக்கிறது. இந்த மடல் அதில் பெயர் வராத உங்களுக்கு. எழுதுவது, மருத்துவமனைக்கு வந்துபோகும் முதியவர்களும் துணைக்கு வருகிற நாங்களும்.

முதலில், பிரஷர் பார்க்கும் நர்ஸ்களுக்கு. படியேறி மூச்சிரைக்க வந்தவரிடம் உடனே கையை நீட்டச் சொல்லாமல் 5 நிமிடம் உட்கார வைக்கிறீர்கள். பாத்ரூம் போக வேண்டுமா என்று கேட்கிறீர்கள். அடக்கிக்கொண்டிருந்தால் அளவு கூடிவிடும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். பருத்த கைக்கு அகலமான பட்டையைத் தேடி எடுத்து வருவது சின்ன வேலையாகத் தெரியலாம். சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும், வீணாக ஒரு மாத்திரை கூடும். தலைசுற்றுகிறது என்பவரை நிற்க வைத்து, 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் மறுபடி பார்க்கிறீர்களே, அதற்குத் தனி நன்றி. நின்றதும் மேல் அளவு 20 இறங்கினால், இரவில் படுக்கையிலிருந்து எழும்போது அவர் விழக்கூடும். உட்கார வைத்து மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

ரத்தம் எடுப்பவர்களே, வெறும் வயிறு என்றால் தண்ணீரும் கூடாது என்று நினைத்து நாவறண்டு வருபவர்கள் பலர். தண்ணீர் குடிக்காவிட்டால் நரம்பு அகப்படாது. இரண்டு மூன்று இடத்தில் குத்த வேண்டிவரும். கையை மூடி மூடித் திறக்க வேண்டாம் என்று நீங்கள் தடுப்பதன் காரணமும் இப்போது புரிகிறது: பொட்டாசியம் கூடுதலாகக் காட்டிவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குப் பஞ்சை 5 நிமிடமாவது அழுத்திப் பிடிக்கிறீர்கள், முழங்கையை மடக்க விடாமல். சர்க்கரைக்காரரை வரிசையில் முன்னால் விடுவதும் பெரிய உதவி. சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வந்து ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியவருக்கு, 3 டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பவர்களும் நீங்கள்தான்.

மருந்துக்கடைக்காரர்களுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறோம். இரண்டு மருத்துவர்கள் எழுதிய இரண்டு பெயர்களும் ஒரே மருந்துதான் என்று உள்ளடக்கத்தைப் படித்துப் பிடிப்பவர்கள் நீங்கள். அட்டை வேறு, நிறம் வேறு என்பதால் வீட்டில் இரண்டையும் போட்டுக்கொண்டிருப்பார்கள். மூட்டு வலி மாத்திரை கேட்டால் "பிரஷருக்கு, நீர் பிரிய ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்கிறீர்கள், மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும் என்று அட்டையிலேயே எழுதித் தருகிறீர்கள். விழுங்க முடியவில்லை என்று பொடி செய்யப் போனவர்களைத் தடுத்ததும் நீங்கள்தான். நாள் முழுக்க மெல்லக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும்.

சக்கர நாற்காலி தள்ளுபவர்கள் இரு பக்க பிரேக்கையும் போட்டு, கால் வைக்கும் தட்டைத் தூக்கிய பிறகே எழச் சொல்கிறார்கள். சரிவில் பின்பக்கமாக இறக்குகிறார்கள். நன்றி.

டோக்கன் கொடுப்பவருக்கு: காது மந்தமானவருக்குச் சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். நீங்கள் எதிரே வந்து, முகம் தெரிய நிதானமாகச் சொல்கிறீர்கள். அது கேட்கிறது.

நாங்கள் உங்களை அவசரப்படுத்தியது உண்டு. மன்னியுங்கள். அடுத்த தடவை வரும்போது சீட்டு மட்டுமல்ல, கண் சொட்டு மருந்து, சத்து மாத்திரை, யாரோ சொன்னார்கள் என்று வாங்கிய சூரணம் உட்பட வீட்டிலுள்ள எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்து வருகிறோம்.

இப்படிக்கு,
முதியவர்களும் துணைக்கு வருபவர்களும்