மரக்கப்பல் மாதிரி: பெட்டித் தாளில் இல்லாத சங்கதிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

துண்டு துண்டாக வரும் மரத்தை ஒட்டி மாதிரிக் கப்பல் செய்ய வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து கொடுக்கும் மரக்கப்பல் பெட்டி, கொழும்பில் பல வீடுகளில் பாதி வேலையோடு அலுமாரிக்கு மேலே ஏறிவிடுகிறது. பிள்ளைக்குப் பொறுமை போதாது என்று ஏசுவார்கள். பிழை பெரும்பாலும் நம் ஊர்க் காற்றின் ஈரத்தில். மிச்சம், கேட்க ஆளின்றித் தனியே இருந்து செய்வதில்.

செய்முறைத் தாள் குளிர்நாட்டுக்காரருக்கு எழுதப்பட்டது. வெள்ளை மரப்பசை அரை மணித்தியாலத்தில் பிடிக்கும் என்று அதில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே இரவு முழுக்க விடவேண்டும். சூப்பர் குளூ நேர் எதிர். காற்றின் ஈரத்தில் இறுகும் பசை என்பதால், பலகையைச் சரிபார்க்கவே நேரம் தராது. சுற்றிவர வெள்ளையாகவும் பூத்துவிடும். பலகைக்கு மரப்பசை, நுனியைப் பிடித்துவைக்க மட்டும் சூப்பர் குளூ ஒரு துளி.

ஈரத்தில் மரம் அகலவாட்டில் ஊதும். நீளவாட்டில் அவ்வளவாக அசையாது. மழைநாளில் நெருக்கி ஒட்டியவை ஏசி அறைக்குப் போனதும் நீக்கல் விடுவது இதனால்தான். கப்பல் எந்த அறையில் நிற்கப்போகிறதோ அங்கே பலகைக் கட்டை அவிழ்த்து இரண்டு கிழமை வையுங்கள். உடல் முடிந்ததும், ஈரத்தைத் தடுக்கும் பூச்சான சீலரை உட்புறமும் பூசவேண்டும். வெளியே மட்டும் பூசினால் ஈரம் உள்ளே ஏறத்தான் செய்யும்.

அதிகம் பேர் சறுக்குவது பலகை ஒட்டும் கட்டத்தில். அணியத்துப் பக்க, அதாவது கப்பலின் முன்பக்க, வங்குகளின் (விலாச் சட்டங்களின்) விளிம்பைச் சரிவாகச் சீவாவிட்டால் பலகை ஒரு ஓரத்தில் மட்டுமே தொடும். முடிவில் பட்டினி கிடந்த மாட்டின் விலாபோல வங்குகள் புடைத்துத் தெரியும். மெல்லிய சட்டமொன்றை வளைத்துப் பிடித்து, ஒவ்வொரு வங்கிலும் முழுதாகப் படிகிறதா என்று பாருங்கள். பிறகு கணக்கு. நடு வங்கில் மேல்விளிம்பிலிருந்து ஏரா (அடிமரம்) வரை கடதாசித் துண்டால் அளந்து 100 மி.மீ. வந்தால், 5 மி.மீ. அகலப் பலகை பக்கத்துக்கு 20 வேண்டும். அணியத்தில் அதே அளவு 60 மி.மீ. என்றால் ஒவ்வொன்றும் அங்கே 3 மி.மீ. ஆக ஒடுங்கவேண்டும். 40 மி.மீ. தானென்றால் 2 மி.மீ. வருகிறது, பாதிக்கும் கீழே ஒடுக்கிய பலகை வெடிக்கும். அப்போது சில பலகைகளை அணியத்துக்கு முன்பே நிறுத்தி, பக்கத்துப் பலகையை அகலமாக விடவேண்டும். இடம் இரண்டு, வலம் இரண்டு என மாறிமாறி ஒட்டுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்தால் ஏரா முறுகிவிடும், அதற்கு மருந்தில்லை.

பெட்டிதான் வேண்டுமென்றும் இல்லை. மொறட்டுவைத் தச்சுப்பட்டறைகளில் கழியும் முதிரைத் துண்டு, கப்பி செய்ய அருமையானது. தேக்கில் எண்ணெய்ப் பிடிப்பு. ஒட்டுமுன் தின்னரால் துடையுங்கள். இறப்பர் மரத்தை வண்டு விடாது. கயிற்றுக்குத் தையல்கடைப் பொலியெஸ்டர் நூல் போதும், பருத்தி நூல் ஈரத்தில் இறுகி, காய்ந்ததும் தொய்யும். கண்ணாடிப் பெட்டியை இறுக்கி மூடாதீர்கள். மரத்திலிருந்தும் பசையிலிருந்தும் கசியும் அமில ஆவி தேங்கினால் ஈயப் பீரங்கிகள் வெள்ளைத் தூளாகிப்போகும். அடியில் நாலு துளை விட்டால் சரி.

இவற்றை ஒருவர் கையைப் பார்த்து மற்றவர் ஒரு மாலையில் பழகலாம். வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்கம் போன்ற இடத்தில் மாதம் ஒரு ஞாயிறு மேசையொன்று கிடைத்தால் போதும். வருகிறவர்கள் முடிந்த கப்பலைவிட முடியாத கப்பலைக் கொண்டுவருவது நல்லது, வார்னிஷ் அடித்த பிறகு பிழை தெரியாது.

இன்னொன்று. பெட்டிகளில் 'விக்டரி', 'கட்டி சார்க்' என்ற பிரித்தானியக் கப்பல்கள் வரும். வல்வெட்டித்துறையில் கட்டி, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை ஓடிய பாய்க்கப்பல் 'அன்னபூரணி' வராது. அது கிட்டத்தட்ட 90 அடி; 64இல் ஒரு பங்காகச் செய்தால் 43 செ.மீ., சாதாரண அலுமாரித் தட்டில் நிற்கும். வரைபடத்தை நாமே கீறவேண்டும். கொழும்பில் வாழும் வல்வெட்டித்துறை, பருத்தித்துறைக் குடும்பங்களிடம் பழைய கப்பல்களின் அளவுக் குறிப்பு, ஒளிப்படம், மேஸ்திரிமாரின் கணக்குக் கொப்பி ஏதும் இருந்தால், பிரதியெடுக்க இடம்கொடுக்குமாறு தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம்.

மாதிரிக் கப்பல் ஆர்வலர்கள்,
கொழும்பு 06.