சுமைதாங்கிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள தோட்டத்து உறவுகளுக்கு,

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போகும் பாதையில் சுமைதாங்கி நின்றுவிட்டது. கைகொடுத்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நன்றி சொல்ல ஆசை. அதற்கு முன் எல்லோருக்கும் தெரியும்படி இங்கே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் பழைய பாதையோரங்களில் சுமைதாங்கிகள் இன்றும் இருக்கின்றன. இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைக் கிடத்தியிருப்பார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை வைப்பது வழக்கம். இலங்கை மலையகத்துக்கு நம்மவர்கள் வந்து 200 வருடம் என்று 2023இல் எங்கும் பேசினார்களே, அப்போதே இங்கும் ஒன்று வைக்கவேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது. பாதி வழியில் சுமையோடு போன நம் பெண்கள் எத்தனை பேர்!

கொழுந்து மலை அக்காமாருக்குத்தான் முதல் நன்றி. உளி எடுக்கும் முன்பே ஒரு அக்கா சாக்கோடு திரும்பி நின்று காட்டினார். "எங்க சுமை தலைக்கு மேல இல்ல தம்பி, தலையில மாட்டி முதுகுல தொங்குது." பழைய சுமைதாங்கியின் தோளுயரம் இவர்களுக்கு உதவாது. அதனால் மேல்கல்லை இடுப்புயரத்துக்கு இறக்கினோம். சாய்ந்து நின்றால் பாரம் கல்லில் இறங்கும், தலைக்கயிறு தளரும். இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கு கிழியாமலிருக்க விளிம்பை உருட்டச் சொன்னதும் அவர்கள்தான். பாதை சரிவு, மேல்கல் மட்டம். ஆகவே மேற்பக்கம் குட்டையானவர்களுக்கும் கீழ்ப்பக்கம் நெட்டையானவர்களுக்கும் தோதாக வந்தது. இந்தச் சிற்பத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

பெரிய ரோட்டோரம் வைத்தால் வெளியாட்கள் பார்ப்பார்கள் என்று சிலர் அக்கறையோடு சொன்னார்கள். ஆனால் சுமை வராத இடத்தில் சுமைதாங்கிக்கு என்ன வேலை? வளைவில் தாய்ப்பாறை தெரியும் இடத்தைக் காட்டிய கங்காணி ஐயாவுக்கு நன்றி. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண் சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியதைக் கண்டவர்கள் நாம். இந்த மலையில் வெறும் மண்ணை நம்பி எதையும் நிறுத்த எனக்கு மனமில்லை.

நம் மலைகளில் அதிகம் கிடைக்கும் சார்னோக்கைட்டு என்ற கடினமான பாறைதான் கல். உளிமுனை சீக்கிரம் மழுங்கிவிடும். கேட்ட நேரமெல்லாம் காய்ச்சி, தட்டி, தண்ணீரில் தோய்த்துக் கொடுத்த சிங்களக் கிராமத்துப் பட்டறை பாஸுக்கு என் வணக்கம். சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசல் இல்லாத கல்லைத் தேர்ந்து தந்த கல்குவாரி அண்ணன்மாருக்கும் அப்படியே.

மேல்கல் 6 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 1 அடி கனம். ஏறக்குறைய 700 கிலோ. லொறி ஏறாத பாதை. அலவாங்கும் யூக்கலிப்டஸ் உருளைகளுமாக இழுத்த இளைஞர்கள் ஒரு விரல்கூட நசுங்காமல் கொண்டுவந்து சேர்த்தார்கள். அன்றைக்கு ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் எந்தெந்த லயத்திலிருந்து வந்தன என்றுகூடத் தெரியாது. அந்த வீடுகளுக்கும், இடம் தந்த தோட்ட நிர்வாகத்துக்கும் நன்றி.

அப்புறம் ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் பாசி பிடிக்கும், வழுக்கும். தும்புத் தூரிகையும் தண்ணீரும் போதும், பெயின்ட் பூசவேண்டாம். அதைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பாடசாலைப் பிள்ளைகளுக்கு இப்போதே என் நன்றி.

அன்புடன்,
உங்கள் சிற்பி