தாராளவாதம் சந்தையின் வக்கீல் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தாராளவாதம் (லிபரலிசம்) குறித்து வந்த நீண்ட கட்டுரையைப் படித்தேன். இந்தப் பொருளுக்கு இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கட்டுரையாளர் எடுத்த எடுப்பிலேயே, தாராளவாதம் சந்தைக்கு வக்காலத்து வாங்கும் தத்துவம், அரசு ஒதுங்கி நின்றால் போதும் என்பதே அதன் மொத்தச் சாரம் என்று முடிவுகட்டிவிடுகிறார். அப்புறம் வருகிற குற்றச்சாட்டுகள் எல்லாம் அந்த முடிவின் மேல்தான் நிற்கின்றன. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அவருடைய கட்சிக்குச் சாதகமான சாட்சியையே முதலில் கூப்பிடுவோம். நியூயார்க் மாநிலம் 1895-ல் பேக்கரிகளுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. தொழிலாளியிடம் நாளுக்கு 10 மணி நேரத்துக்கு மேலோ வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. அன்றைக்குப் பல பேக்கரிகள் குடியிருப்புக் கட்டடங்களின் நிலவறையில்தான் நடந்தன. தாழ்ந்த கூரை, காற்றோட்டம் கிடையாது, அடுப்பின் அனல், மூச்சோடு உள்ளே போகும் மாவுத் தூசி. யூடிகா நகரில் பேக்கரி வைத்திருந்த ஜோசப் லாக்னர் இந்தச் சட்டத்தை இரண்டாம் முறை மீறியபோது 50 டாலர் அபராதம் விதித்தார்கள். அவர் விடவில்லை. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1905-ல், 5-க்கு 4 என்ற கணக்கில், வேலை நேர வரம்பு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எத்தனை மணி நேரம் வேலை என்பதை முதலாளியும் தொழிலாளியும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும் ஒப்பந்தச் சுதந்திரத்தில் அரசு கைவைக்கிறது என்பது காரணம். நிலவறையில் மாவு பிசைகிறவரும் கடை முதலாளியும் சரிசமமாக உட்கார்ந்து பேரம் பேசுகிறார்களாம்!

சரி, இதுதான் தாராளவாதம் என்று கட்டுரையாளர் சொல்லலாம். ஆனால் இந்தத் தீர்ப்பைத் தோலுரிக்கத் தேவையான வாதம் அதற்கு 24 ஆண்டுகள் முன்பே தாராளவாதிகளின் வீட்டுக்குள்ளிருந்தே வந்திருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு தத்துவப் பேராசிரியர் டி.எச். கிரீன், பிரிட்டனின் லிபரல் கட்சிக்காரர். ஒப்பந்தச் சுதந்திரம் ஒரு வழி மட்டுமே, அதுவே இலக்காகிவிடாது என்று 1881-ல் பேசினார். செய்யத் தக்கதைச் செய்வதற்கான ஆற்றல் எல்லோருக்கும் இருந்தால்தான் அது சுதந்திரம் என்பது அவர் கணக்கு. அதே கட்சியின் அரசு 1908-ல் 70 வயதைக் கடந்த ஏழைகளுக்கு ஓய்வூதியமும், 1911-ல் நோய்க்கும் வேலையின்மைக்கும் தேசியக் காப்பீடும் கொண்டுவந்தது. லாக்னர் வழக்கிலேயே நீதிபதி ஹோம்ஸ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு, எந்த ஒரு பொருளாதாரக் கோட்பாட்டையும் நிலைநிறுத்துவதற்காக அரசியல் சட்டம் எழுதப்படவில்லை என்றது. 1937-ல் குறைந்தபட்சக் கூலி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் லாக்னர் தீர்ப்பின் பாதையைக் கைவிட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பேக்கரிச் சட்டத்துக்குப் பின்னால் தொழிலாளர் நலன் மட்டும் இல்லை, குடியேறிகள் நடத்திய சின்னச் சின்னக் கடைகளை நசுக்கப் பெரிய கடைகளுக்கும் ஆசை இருந்தது என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உண்மை இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் அந்தச் சந்தேகமும் தாராளவாதச் சந்தேகம்தான். சந்தையின் பிதாமகன் என்று கட்டுரையாளர் குறிப்பிடும் ஆடம் ஸ்மித், ஒரே தொழில் செய்கிறவர்கள் ஒன்றுகூடினால் பேச்சு பொதுமக்களுக்கு எதிரான சதியில்தான் போய் முடியும் என்று 1776-லேயே எழுதியவர். கூலியை ஏற்றக் கூடாது என்று முதலாளிகளுக்குள் எப்போதும் ஓர் ஊமை உடன்பாடு இருப்பதாகவும் அதே நூலில் சொன்னார். திட்டமிட்ட பொருளாதாரத்தை 1944-ல் கடுமையாகச் சாடிய பொருளாதார அறிஞர் ஹயெக்கூட, வசதி படைத்த ஒரு சமூகம் உணவு, உடை, உறைவிடத்தில் ஒரு குறைந்தபட்சத்தை எல்லோருக்கும் உறுதி செய்வதில் தவறில்லை என்று அதே நூலில் ஒப்புக்கொண்டார். கட்டுரையில் ஹயெக் வருகிறார், அந்தப் பக்கம் மட்டும் வரவில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரே தத்துவத் துறையில் இருந்த இரண்டு பேரையும் நினைவுபடுத்த வேண்டும். மிகவும் பின்தங்கியவருக்குப் பயன்படும் அளவுக்கே ஏற்றத்தாழ்வு நியாயமாகும் என்று ஜான் ரால்ஸ் 1971-ல் எழுதினார். உழைத்துச் சம்பாதித்த பணத்துக்கு வரி போடுவது கட்டாய உழைப்புக்குச் சமம் என்று ராபர்ட் நோசிக் 1974-ல் பதில் கொடுத்தார். இருவரையும் ஒரே குடும்பம் என்று எப்படிச் சொல்வது? என் பதில் இது. ஒரு மனிதன் மேல் செலுத்தப்படும் எந்த அதிகாரமும் அவனிடம் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டது என்பதில் இருவரும் ஒன்று. எந்த அதிகாரத்தைக் கண்டு அதிகம் பயப்படுவது என்பதில்தான் சண்டை: அரசனா, மத பீடமா, வரி வசூலிக்கும் அரசா, முதலாளியா, பெரும்பான்மையா? சந்தை அந்தச் சண்டையில் ஒரு கிளை. கட்டுரையாளர் கிளையைக் காட்டி மரம் என்கிறார்.

இவ்வளவு சொன்னதால் நான் தாராளவாதத்துக்கு நற்சான்றிதழ் கொடுக்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அதன் மேல் இதைவிடக் கனமான குற்றச்சாட்டு ஒன்று இருக்கிறது. கட்டுரை அதைத் தொடவே இல்லை. சுதந்திரம் எல்லோருக்கும் என்று எழுதியவர்களின் கணக்கில் 'எல்லோரும்' யார் யார்?

மதச் சகிப்புத்தன்மைக்காக 1689-ல் வாதாடிய ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக், நாத்திகர்களை அதிலிருந்து ஒதுக்கினார். கடவுளை நம்பாதவனின் சத்தியத்தை எப்படி நம்புவது என்பது அவர் கவலை. எல்லா மனிதரும் இயல்பிலேயே சுதந்திரமானவர்கள் என்று எழுதிய அதே லாக், அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார்.

இன்னொரு ஆங்கிலேயத் தத்துவவாதியான ஜான் ஸ்டூவர்ட் மில் இன்னும் சிக்கலானவர். 1823 முதல் 1858 வரை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். அடுத்த ஆண்டே சுதந்திரம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. பிறருக்குத் தீங்கு வராமல் தடுக்க மட்டுமே ஒருவரைச் சமூகம் கட்டாயப்படுத்தலாம் என்பது அதன் மையம். ஆனால் சில வரிகளிலேயே விலக்கும் வந்துவிடுகிறது. குழந்தைகளுக்கு இது பொருந்தாது, 'நாகரிகமடையாத' மக்களுக்கும் பொருந்தாது, அவர்களை முன்னேற்றுவதுதான் நோக்கம் என்றால் எதேச்சாதிகாரமே நியாயமான ஆட்சிமுறை என்கிறார். நாகரிகம் அடைந்தாயிற்றா என்று அளப்பது யார்? ஆளுகிறவனேதான். இதே மில்தான் 1867-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்து, வாக்குரிமை மசோதாவில் 'ஆண்' என்று இருப்பதை 'நபர்' என்று மாற்றச் சொன்னார். ஆதரவு 73, எதிர்ப்பு 196. ஒரு பக்கம் பார்த்தால் காலத்துக்கு முந்தியவர், இன்னொரு பக்கம் கம்பெனி குமாஸ்தா. எனக்கு அவர் மேல் மரியாதையும் கோபமும் இன்னும் தீர்ந்தபாடில்லை.

மக்கள் தங்களுக்குள் உடன்பட்டு அரசை அமைத்துக்கொண்டார்கள் என்னும் 'சமூக ஒப்பந்தம்' நடைமுறையில் வெள்ளையர்களுக்குள் மட்டும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் என்று சார்ல்ஸ் மில்ஸ் 1997-ல் எழுதினார். கறுப்பினத் தத்துவவாதி, சொல்லில் தயவுதாட்சண்யம் இல்லாதவர். அவரும் தாராளவாதத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதைக் கைப்பற்றி, ஒதுக்கப்பட்டவர்களின் பக்கம் திருப்பச் சொன்னார். 1792-ல் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஆண்களின் உரிமைக்குச் சொல்லப்பட்ட காரணங்களை எடுத்து, பெண்ணுக்கு இவை ஏன் பொருந்தாது என்று கேட்டார்.

சமூகத்திலிருந்து மனிதனைத் தாராளவாதம் பிய்த்தெடுக்கிறது என்று கட்டுரை வைக்கும் குற்றச்சாட்டில் பாதியை ஏற்கிறேன். தத்துவவாதி மைக்கேல் சான்டெல் 1982-ல் ரால்ஸுக்கு எதிராக வைத்த வாதம் அது. பிறப்பு, மொழி, உறவு எதுவும் ஒட்டாத ஒரு 'நான்' கிடையாது என்பது சரிதான். ஆனால் பிறந்த சமூகத்தின் வழக்கம் ஒத்துவராமல் வெளியேற நினைக்கும் ஒருவருக்கு அங்கே கதவு திறந்திருக்கிறதா? கட்டுரை சமூகத்தின் அரவணைப்பைப் பற்றி மூன்று பத்தி எழுதிவிட்டு, இந்த ஆளை மறந்துவிடுகிறது.

சகிப்பற்றவர்களைச் சகிக்க வேண்டுமா என்ற இடத்தில், அளவற்ற சகிப்பு சகிப்பையே அழித்துவிடும் என்ற தத்துவவாதி கார்ல் பாப்பரைக் கட்டுரையாளர் மேற்கோள் காட்டியிருக்கிறார். 1945-ல் வந்த அந்தக் குறிப்பு, நூலில் ஓர் அடிக்குறிப்பு. வாதத்தாலும் பொதுக்கருத்தாலும் எதிர்கொள்ள முடிகிறவரை அவர்களை அடக்குவது விவேகமல்ல என்றும் அதிலேயே இருக்கிறது. ஏனோ எல்லோரும் அந்த வரியை விட்டுவிட்டே எடுத்தாள்கிறார்கள். நடைமுறையில் இதற்கு ஒரே விடை இல்லை. நாஜிகளின் வாரிசாக முளைத்த கட்சியை ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 1952-ல் தடை செய்தது. அமெரிக்காவிலோ 1977-ல், நாஜி முகாம்களில் உயிர் தப்பிய யூதர்கள் பலர் வாழ்ந்த ஸ்கோகி என்ற ஊரில் ஊர்வலம் போக நாஜிகளுக்கு உள்ள உரிமைக்காக குடிமக்களின் உரிமைகளைக் காக்கும் அமைப்பு ஒன்றே வாதாடியது. என் மனம் ஜெர்மனியின் பக்கம் சாய்கிறது. ஆனால் தடை செய்யும் அதிகாரம் நாளை யார் கையில் இருக்கும் என்று யோசித்தால் அந்தச் சாய்வு கொஞ்சம் நிமிர்கிறது.

கட்டுரையின் முடிவில் ஹங்கேரியின் பிரதமராக இருந்த விக்டர் ஓர்பன் 2014-ல் ஆற்றிய உரை வருகிறது. ஜனநாயகம் தாராளவாதமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று அவர் சொன்னதை, பரிசீலிக்கத்தக்க மாற்று என்கிறார் கட்டுரையாளர். பரிசீலிப்போம். தேர்தலில் வென்றவர் நீதிமன்றத்தையும் பத்திரிகைகளையும் தன் வசப்படுத்திக்கொள்ளத் தடையில்லை என்றால், அடுத்த தேர்தல் என்னவாகும்? 1989-ல் அரசியல் சிந்தனையாளர் ஜூடித் ஷ்கிளார் ஒரு கட்டுரை எழுதினார். தாராளவாதம் பெரிய இலட்சியங்களிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, அதிகாரத்தில் இருப்பவரின் கொடுமைக்கு அஞ்சும் சாதாரண மனிதனின் பயத்திலிருந்து தொடங்கினால் போதும் என்றார். சிறுவயதில் நாஜிகளிடமிருந்து தப்பி ஓடியவர். அந்தத் தொடக்கத்துக்குச் சந்தை தேவைப்படவில்லை.

அடுத்த இதழில் இரண்டாம் பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். பெரும்பான்மையின் விருப்பமே முடிவானது என்றால், 100 பேரில் தோற்றுப்போன 49 பேர் எந்த வாசலில் போய் முறையிடுவது என்பதைக் கட்டுரையாளர் அதில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்