பூவரசங் கிண்ணத்துக்கு முன் ஒரு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். கடந்த ஓராண்டில் எங்கள் வீட்டில் நடந்த துயரங்களை நீங்கள் அறிவீர்கள். அவற்றை மீண்டும் எழுதப் போவதில்லை. நேற்று மாலை, கொல்லைக் கொட்டகையில் உள்ள, மரத்தைச் சுழற்றி உளியால் வடிவமைக்கும் சிறிய கடைசல் இயந்திரத்தில், பூவரசு மரத்தில் ஒரு கிண்ணத்தை முதன்முறையாகப் பிளவின்றிக் கடைந்து முடித்தேன். அதைக் கீழே வைக்க மனம் வராமல், மடியில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரத்துக் கடைசல் பெரியவருக்கே முதல் நன்றி. மஞ்சள் கடம்பில் சொப்புச் சாமான் கடைந்தே முடி நரைத்த அவரிடம் அரக்குக் கட்டி வாங்கத்தான் போயிருந்தேன். என் இயந்திரத்தில் தூள்தான் கொட்டுகிறது, மரம் பிய்ந்து வருகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னதும், அவர் தம் வேலையை நிறுத்திவிட்டு, என் பையிலிருந்த, நகம்போல் வளைந்த வாயுள்ள நகவுளியை வாங்கி, ஒன்றும் சொல்லாமல் சாணையில் தீட்டத் தொடங்கினார். பிறகு தம் இடத்தில் என்னை நிறுத்தி, என் கைமேல் கை வைத்து, "தம்பி, முதல்ல உளி முதுகு மரத்துல உரசட்டும்; அப்புறம் கைப்பிடியை மெல்லத் தூக்குங்க, வாய் தானா வெட்டும்" என்றார். அப்படியே செய்தேன். நீண்ட சுருளாக உரிந்த மரம் என் முழங்கையில் வந்து விழுந்தது. பல மாதங்களுக்குப் பின் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். அரக்குக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். தீட்டியதற்கு நீட்டிய பணத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொட்டகைக்கு மின்கம்பி இழுத்துத் தந்த மைத்துனருக்கும், பச்சைப் பூவரசங் கட்டையை விலையின்றித் தந்த மரவாடிக்காரருக்கும், இரைச்சலைப் பொறுத்த அண்டை வீட்டாருக்கும், உடைந்த முதல் கிண்ணத்தையும் அலமாரியில் எடுத்துவைத்த என் மனைவிக்கும் நன்றி.

பச்சை மரம் காயும்போது வட்டம் கோணி முட்டை வடிவாகிவிடும். ஆகவே 20 செ.மீ. அகலக் கிண்ணத்தை 2 செ.மீ. கனத்தில் முரட்டுத்தனமாகக் கடைந்து, மாதக்கணக்கில் உலரவிட்டு, மறுபடி கடைய வேண்டும். நேற்று முடித்தது அவ்வாறு காத்திருந்த ஒன்று. இன்னொன்று காகிதம் சுற்றி நிழலில் இருக்கிறது. அது காய்ந்து முடிந்ததும் பெரியவர் கையில் கொடுப்பேன். சுழலும் மரத்தின் சூட்டில் அரக்கை உருக்கிப் பிடித்து, தாழை மடலால் மெருகேற்றும் வித்தையையும் அவரிடமே கேட்டுக் கற்பேன்.