அமுங்கிய போர்டிகோ: முத்துவுக்கு ஒரு கடிதம்

டல்லாஸ்,
செப்டம்பர் 14

அன்புள்ள முத்து,

உன் கடிதமும் போர்டிகோ படங்களும் வந்து சேர்ந்தன. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மகள் வெளியூர்க் கல்லூரிக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அமுங்கிய தளத்துக்கு அடியில் ஃபோம், அதாவது பொங்கி இறுகும் பாலியூரித்தேன் நுரை, ஏற்றித் தூக்கினால் எத்தனை வருஷம் நிற்கும் என்று கேட்டிருந்தாய். போன மாதம் என் வீட்டு வாசலிலேயே தோண்டிப் பார்த்துவிட்டேன், அதனால் தைரியமாகவே எழுதுகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கராஜ் வாசலில் கார் ஏறுகிற கான்கிரீட் ஸ்லாப் ஒன்றரை இன்ச் இறங்கியது. ஆட்கள் வந்து சுண்டுவிரல் நுழைகிற அளவில் ஐந்து துளை போட்டார்கள். இரண்டு ரசாயனங்கள் துப்பாக்கி முனையில் கலந்து உள்ளே போயின. சில நொடிகளில் நுரை பொங்கி, ஸ்லாப் கண்ணெதிரே மேலே வந்தது. அரை மணி நேரத்தில் காரையே ஏற்றிவிட்டேன். இந்தக் கோடையில் பார்த்தால் அதே மூலை மறுபடியும் அரை இன்ச் கீழே. ஃபோம் நசுங்கிவிட்டது, ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபம் தாங்காமல் ஒரு சனிக்கிழமை காலையில் மண்வெட்டியை எடுத்தேன்.

ஸ்லாபின் அடிவயிற்றில் ஃபோம் ஒட்டியபடியே இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், உள்வாங்கவில்லை. கத்தியால் சீவினேன், உள்ளே ஈரமே இல்லை. ஓரத்தில் வெயில் பட்டுக்கொண்டிருந்த ஒரு துண்டு மட்டும் பழுப்பேறி, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. பாலியூரித்தேனுக்கு வெயில்தான் எமன். மண்ணுக்குள் வெயில் வராது, ஃபோம் மக்குவதும் இல்லை. ஆனால் அந்த ஃபோமுக்குக் கீழே ஒரு விரல் நுழைகிற இடைவெளி. அதற்கும் கீழே பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது கறுப்பு மண்.

முத்து, அந்த மண்ணைக் கையில் எடுத்ததும் உங்கள் ஊர்தான் ஞாபகம் வந்தது. கோவில்பட்டிக் கரிசலேதான். டல்லாஸுக்கு வடக்கிலிருந்து சான் அன்டோனியோ வரைக்கும் இந்தக் களிமண் ஓடுகிறது. மழையில் ஊதும், கோடையில் சுருங்கி வாய் பிளக்கும். வெயில் காலத்தில் இங்கே அஸ்திவாரத்தைச் சுற்றி ரப்பர் குழாய் போட்டு வீட்டுக்கே தண்ணீர் விடுகிறார்கள். மண் சீராக ஈரமாக இருந்தால் வீடு அசையாது என்பதற்காக.

ஆக, ஃபோம் தோற்கவில்லை, கீழே இருந்த மண் நகர்ந்துவிட்டது. அந்த மூலைக்கு நேர் மேலே பார்த்தேன். கூரைத் தண்ணீர் இறங்குகிற குழாய் அங்கேதான் வந்து கொட்டுகிறது. மழை பெய்தால் அந்த இடம் மட்டும் ஊறி, மண் அரித்துப் போகும். மழை நின்றால் அதே இடம் மற்ற இடத்தை விட அதிகமாகச் சுருங்கும். வேலைக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்க்கவே இல்லை. உத்தரவாதச் சீட்டை எடுத்துப் படித்தால், மண் நகர்வதால் வரும் பழுது சேராது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. இந்த ஊரில் மண் நகராமல் வேறெது நகரும்? இதை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

பாரத்தைப் பற்றிக் கவலைப்படாதே. கார் டயரில் காற்றழுத்தம் சதுர இன்ச்சுக்கு 35 பவுண்டு அளவுதான். அதையும் கான்கிரீட் பரப்பிவிடுவதால் அடியில் சேர்வது கொஞ்சமே. நல்ல ஃபோம் அதைவிடப் பல மடங்கு தாங்கும். எடையும் கன அடிக்கு நான்கு பவுண்டுக்குள்தான். பழைய முறையில் சிமெண்டும் மண்ணும் கரைத்து ஏற்றுவார்கள், அது கன அடிக்கு நூறு பவுண்டுக்கு மேல். ஏற்கெனவே இளகிய மண்ணில் அந்தப் பாரமும் ஏறும். ஃபோமில் கைத்தவறு வரும் இடம் வேறு. இரண்டு ரசாயனமும் சரியான அளவில் கலக்காவிட்டால் பிறகு சுருங்கும். அவசரப்பட்டு அதிகம் ஏற்றினால் ஸ்லாபில் விரிசல் விழும், ஏறினதை இறக்கவும் முடியாது.

இப்போது உன் போர்டிகோ. படத்தில் தரை மட்டும்தான் இறங்கியிருக்கிறதா, தூணும் சேர்ந்தா என்று எனக்குத் தெரியவில்லை. தூணும் பீமும் சேரும் இடத்தில் சாய்வாக விரிசல் இருந்தால் ஃபோம் பேச்சையே எடுக்காதே. அது அஸ்திவாரக் கோளாறு. பாலிடெக்னிக்கில் படித்தோமே, கரிசலுக்கென்று ரூர்க்கி ஆராய்ச்சி நிலையம் கொண்டுவந்த அண்டர்-ரீம்டு பைல், மண்ணுக்குள் இறக்கும் தூண். மழையும் வெயிலும் எட்டாத ஆழத்துக்குப் போய் அடியில் குமிழாக விரியுமே, அந்த மாதிரி வேலை தேவைப்படும்.

தரை மட்டும் என்றால், இப்போது தூக்கவே தூக்காதே. புரட்டாசி வெயிலில் கரிசல் முழுக்கச் சுருங்கிக் கிடக்கும். இந்த நேரத்தில் ஃபோம் ஏற்றி மட்டம் சேர்த்தால், ஐப்பசி மழையில் மண் ஊதி, தரையை இன்னும் மேலே தள்ளும். அப்புறம் தண்ணீர் வாசலைத் தாண்டி வீட்டுக்குள் திரும்பும். இங்கே ஒரு பக்கத்து வீட்டில் அப்படியே நடந்தது.

அதனால் இன்றைக்கே ரசமட்டம் வைத்து, நாலு மூலையிலும் அளவெடுத்துச் சுவரில் பென்சிலால் குறித்துவை. மாடித் தண்ணீர்க் குழாயைப் பத்தடி தள்ளிக் கொண்டுபோய் விடு. படத்தில் அது போர்டிகோ ஓரத்திலேயே கொட்டுவது தெரிகிறது. சுவரும் தரையும் சேரும் இடுக்கையும் அடைத்துவிடு. கார்த்திகைக் கடைசியில் திரும்ப அள. தானாக ஏறியிருந்தால் ஃபோம் கம்பெனிக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஏறாமல் அப்படியே கிடந்தால் அடியில் குழி விழுந்திருக்கிறது என்று அர்த்தம், அப்போது ஃபோம் போடு, தாராளமாக நிற்கும்.

நானும் என் குழாயைத் திருப்பிவிட்டேன். ஸ்லாபை நவம்பர் வரை தொடப்போவதில்லை. இரண்டு பேர் அளவையும் சேர்த்துப் பார்ப்போம், மறக்காமல் எழுது. அம்மாவிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்