சார்ஜர் பழுது என்று முடிவு செய்யும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்களிடம் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிக்கான தானியங்கி சார்ஜர் வாங்கியவர்களில் சிலர், சார்ஜ் ஏறவில்லை என்று அதைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். சோதித்தால் பல நேரங்களில் சார்ஜர் நன்றாகவே இருக்கிறது. கோளாறு பேட்டரியிலோ, கிளிப் மாட்டும் அதன் டெர்மினலிலோ இருக்கிறது. உங்கள் அலைச்சலைக் குறைக்கவே இதை எழுதுகிறோம்.

சார்ஜரில் விளக்கே எரியாவிட்டால், அதே பிளக்கில் வேறொரு கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, பிறகு சார்ஜரின் ஃபியூஸைப் பாருங்கள்; பிளஸ், மைனஸ் மாற்றி மாட்டினால் பெரும்பாலும் அதுதான் போகும். கிளிப்புகளை ஒன்றோடொன்று உரசி, பொறி வரவில்லை என்பதால் சார்ஜர் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இவ்வகைச் சார்ஜர், பேட்டரி மாட்டியிருப்பதை உணர்ந்த பிறகே மின்சாரம் தரும். அடியோடு இறங்கிப்போன பேட்டரியை அது உணராமலும் போகலாம்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, பேட்டரிக்குள் ஒரு துளியும் இறங்காதபடி தேய்த்துக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகு கிளிப்பை மாட்டுங்கள்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது, சார்ஜ் நிறைந்ததைக் காட்டும் பச்சை விளக்கைத்தான். இறங்கிப்போன பேட்டரியை மாட்டிய பத்தே நிமிடத்தில் பச்சை எரிந்தால் அது நல்ல செய்தி அன்று. மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரியின் தகடுகளில் லெட் சல்பேட் கெட்டிப்பட்டுவிடுவதால், மின்சாரம் உள்ளே போகாமலேயே வோல்ட் மட்டும் விரைவாக உயர்ந்து, பேட்டரி நிறைந்துவிட்டதாகச் சார்ஜர் எண்ணிக்கொள்கிறது. சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் பேட்டரியைப் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு அருகில் இருந்தால் நல்லது, 10.5 அளவிலேயே நின்றால் பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்களில் (தனித்தனி அறைகளில்) ஒன்று போய்விட்டது என்று கொள்ளலாம், எந்தச் சார்ஜரும் அதை மீட்காது.

இரவெல்லாம் போட்டும் பச்சை வராததெல்லாம் பழுதும் அன்று. 5 ஆம்பியர் சார்ஜர், காலியான 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு) இன்வெர்ட்டர் பேட்டரியை நிரப்ப 30 மணி நேரத்துக்கும் மேலாகும். பேட்டரியின் ஏஎச் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் தரும் சார்ஜரே பொருத்தம். 60 ஏஎச் கார் பேட்டரிக்கு 6 ஆம்பியர் போதும். தண்ணீர் ஊற்றும் வகையானால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள், ஆசிட் வேண்டவே வேண்டாம்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறோம். சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும். மூடிய அறையில் அது சேர்ந்துவிட்டால் ஒரு சிறு பொறி போதும், பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். ஆகவே காற்றோட்டமான இடத்தில் வைத்து, கிளிப்புகளை மாட்டிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். கழற்றும்போது முதலில் சுவிட்சை அணையுங்கள். பேட்டரி உப்பினாலோ, தொட முடியாத அளவு சூடானாலோ உடனே நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால், சார்ஜரை மட்டும் கொண்டுவராமல் பேட்டரியையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். இரண்டையும் உங்கள் கண்முன்னே மாட்டிச் சோதித்துச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பேட்டரிக் கடையினர்